கதவில்லாத வேலி

ஜூனிக்கு நான்கு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். காதில் கோளாறு எதுவும் இல்லை என்று மூன்று மருத்துவர்கள் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த அறையில் பிஸ்கட் உறையைப் பிரித்தால் ஓடி வருகிறாள். தன் பெயரைத்தான் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. பேச்சு இன்னும் வரவில்லை. ம்ம்ம் என்று ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருப்பாள். சந்தோஷம் வந்தாலும் அந்த முனகல்தான், பயம் வந்தாலும் அதே முனகல்தான். அவளைப் பெற்ற டாரலும் நோரீனும் இதற்கெல்லாம் எப்படியோ பழகிக்கொண்டார்கள். அவர்களால் பழகிக்கொள்ள முடியாதது ஒன்று இருந்தது. தண்ணீர் எங்கே இருந்தாலும் ஜூனி அதைத் தேடிப் போய்விடுவாள்.

வீட்டுக்குப் பின்னால், புல்தரை முடிகிற இடத்திலிருந்து நாற்பது அடியில் குளம். டொலீடோ நகரத்துக்குத் தெற்கே இருக்கிற புதுக் குடியிருப்புகளில் மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்க இப்படி ஒரு குளம் வெட்டிவிடுவது வழக்கம். வீடு விற்கிற பெண், பின்பக்கம் ஏரி தெரிகிறது என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னாள். டாரலும் அதை நம்பித்தான் அந்த மனையை எடுத்தான். அப்போது ஜூனி பிறந்திருக்கவில்லை.

போன செப்டம்பரில் ஒருமுறை போய்விட்டாள். வாத்துகளுக்கு நடுவே கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். மார்ச்சில் மறுபடியும். கரையோரம் பனிக்கட்டி இன்னும் கரையாமல் இருந்தது. இவள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். டாரல் காலணியோடு குதித்துத் தூக்கி வந்தான். தூக்கி வரும்போது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது, முனகிக்கொண்டும் இருந்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நிற்கும்போதுகூடக் கைபேசியை நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பான். மேற்பார்வையாளர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார்.

வீட்டில் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஜூனியை ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றவர் பொறுப்புக்கு விடும்போது "உங்கிட்ட" என்று சொல்லவேண்டும். வாங்குகிறவர் "எங்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். தலையாட்டினால் செல்லாது. கழிப்பறைக்குப் போனாலும் சரி, தபால் பெட்டியைத் திறக்கப் போனாலும் சரி. விருந்தாளிகள் வந்தால் இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நோரீன் விட்டுவிடுவாள்.

வேலி போடுவதென்று முடிவானதும் டாரல் வினைல் பிளாஸ்டிக்தான் என்றான். மரவேலியில் குறுக்குச் சட்டங்கள் இருக்கும், அதில் கால் வைத்து ஏறலாம். கம்பிவேலி ஏணிக்குச் சமம். வினைல் வேலி ஆறடி உயரத்துக்கு வழவழவென்று நிற்கும், குழந்தைக்குக் கால் வைக்க இடம் கிடைக்காது, தண்ணீரும் கண்ணில் படாது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே மரவேலி போட்டிருந்தார்கள், அதில் குறுக்குச் சட்டமெல்லாம் அவர்கள் பக்கம், இந்தப் பக்கம் வெறும் பலகை. ஆகையால் பின்பக்கம் மட்டும் அடைத்தால் போதும், ஒன்பது தட்டி, பத்துக் கம்பம். வேலி போடுகிறவர்களைக் கேட்டால் கோடை முழுக்கக் கை நிறைய வேலை இருக்கிறது, செப்டம்பரில் பார்க்கலாம் என்றார்கள். செப்டம்பர் என்ற சொல்லைக் கேட்டதுமே டாரல் கைபேசியை வைத்துவிட்டான். தானே போட்டுவிடுவது என்று இறங்கிவிட்டான்.

மூன்று வாரம் உட்கார்ந்து வீடியோ பார்த்தான். நகர அலுவலகத்தில் அனுமதி வாங்கினான். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகிற இடங்களில் ஆள் வந்து சின்னச் சின்னக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். அனுமதி கொடுத்த அம்மாள் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தாள். மனையின் இடது மூலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம் இருக்கிறது; அது வேலிக்கு அடியில் நுழைந்து, வெளியே வேலியோரமாகவே கொஞ்சதூரம் போய், பிறகு குளத்துக்குத் திரும்புகிறது. அந்தப் பள்ளத்தை மண் போட்டு மூடக்கூடாது, தண்ணீர் போக வழி இருக்கவேண்டும் என்றாள். டாரல் சரி என்றான். இடைவெளிக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் தண்ணீரும் போகும், குழந்தையும் போகாது. அதை வேலி முடிந்த மறுநாள் செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தான்.

வேலையில் ஒத்தாசைக்கு நோரீனின் அண்ணன் கர்ட் வந்தான். கர்ட்டுக்கு உடம்பு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. குழி துளைக்கிற இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தவன், வந்ததும் வராததுமாக வேலியின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கதவு எங்கே என்று கேட்டான்.

"கதவு கிடையாது" என்றான் டாரல்.

"வேலிக்கு அந்தப் பக்கம் புல்லு வளருமே மாப்ள. அதை யாரு வெட்டுவா, வாத்தா?"

தெருக்கோடிவரை போய், நடைபாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து வெட்டுவேன் என்றான் டாரல். எட்டு வீடு தாண்டிப் போய்ச் சுற்றவேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தை ஊர்வலம் விடப்போகிறாயா என்று கர்ட் சிரித்தான். டாரல் சிரிக்கவில்லை. கதவு என்று ஒன்று வைத்தால் எவனாவது ஒருநாள் திறந்து போட்டுவிட்டுப் போவான், அந்த ஒருநாள் போதும் என்றான். அதற்குமேல் கர்ட் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாய் பெரிதாக இருந்தாலும் தங்கை மகள்மேல் அவனுக்கும் உயிர்தான்.

முதல் சனிக்கிழமை ஐந்து தட்டி ஏறிவிட்டது. இரண்டாவது சனிக்கிழமை, மே மாதத்து வெயிலில், மீதி நான்கு. இந்த வேலையில் கம்பங்களையெல்லாம் முதலில் நட்டுவிட்டுப் பிறகு தட்டி மாட்ட முடியாது. கம்பத்தில் வெட்டியிருக்கிற துளைக்குள் தட்டியின் சட்டம் போய் உட்காரவேண்டும். ஆகையால் ஒரு கம்பம், ஒரு தட்டி, அடுத்த கம்பம் என்று கோர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் கான்கிரீட்டைக் கொட்டி, ரசமட்டம் வைத்து நேர்பார்த்து விடவேண்டும். குழி மூன்றரை அடி. அதற்குக் குறைந்தால் குளிர்காலத்தில் உறைகிற மண் கம்பத்தை மேலே தள்ளிவிடும்.

இருபது நிமிஷத்தில் இறுகுகிற கலவையை வாங்கியிருக்கலாம் என்று கர்ட் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். மெதுவாக இறுகுவதுதான் நாள்பட உறுதியாக நிற்கும் என்று டாரல் எங்கோ படித்திருந்தான். அதை விட்டுக்கொடுக்கவில்லை.

"இது இறுகுறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சு, கல்யாணம் பண்ணி, விவாகரத்தும் வாங்கிட்டு வந்துடுவேன்."

"போன தடவை ஒனக்கு அவ்வளவு நேரம்கூட ஆகலையே மச்சான்" என்றான் டாரல். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

கடைசித் தட்டிக்கு வந்தபோதுதான் இருவருக்கும் உரசிக்கொண்டது. அங்கே தரை சரிந்து பள்ளத்தில் இறங்குகிறது. இந்தத் தட்டியைப் படிக்கட்டு மாதிரி அரையடி கீழே இறக்கிவிடு, இடைவெளி குறைந்துவிடும் என்றான் கர்ட். டாரல் முதல் கம்பத்திலிருந்து கடைசிவரை நூல் கட்டியிருந்தான். வேலியின் மேல்விளிம்பு அந்த நூலைத் தொட்டுக்கொண்டு கோடு போட்டது மாதிரி போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைக் கடைசி எட்டடியில் உடைக்க அவனுக்கு மனம் வரவில்லை. உலகத்தில் அவன் கையால் நேராக நின்ற முதல் பொருள் அதுதானோ என்னவோ. கோணலாகப் போட்டால் முப்பது வருஷத்துக்கு ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் என்றான். எந்த ஊர் பார்க்கும், வாத்துகளா என்று கர்ட் திரும்பவும் வாத்தை இழுத்தான். தட்டி நூலுக்கு நேராகவே ஏறியது. அதன் அடியில், பள்ளத்தின் நடுவில், ஒரு முழங்கை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

டாரல் கண்மூடித்தனமாக அதை விட்டுவிடவில்லை. எடை மிகுந்த இரண்டு கான்கிரீட் மூட்டைகளை இழுத்து வந்து இடைவெளியில் படுக்கவைத்து அடைத்தான். காலால் உதைத்துப் பார்த்தான். அசையவில்லை. நாளைக்குக் கம்பிவலை.

மூன்று மணிக்கு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கடை மூடிவிடுவான் என்று கர்ட் கிளம்பினான். கடைசிக் கம்பத்துக்குக் கலவை போடுவது ஒன்றுதான் பாக்கி. அதை நீயே பார்த்துக்கொள், வரும்போது பீரும் பீட்சாவும் வாங்கி வருகிறேன் என்றான். வண்டி போகிற சத்தம் கேட்டுச் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நோரீன் வந்தாள். ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை வெள்ளைவெளேரென்று நின்ற வேலியைப் பார்த்தாள். குளம் தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக அந்தக் குளம் அவள் கண்ணில் படவில்லை.

"வெளிய விடட்டுமா?" என்று கேட்டாள்.

டாரல் வேலியைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான், விடு என்றான்.

"உங்கிட்ட."

"எங்கிட்ட."

நோரீன் துணி மடிக்கப் போனாள். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமில்லாமல். ஜூனி மஞ்சள் மழைக்காலணிகளோடு புல்லில் இறங்கினாள். அவளுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான், அந்தக் காலணிதான் வேண்டும். வேலியைப் பார்த்துக் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கிட்டப்போய், விரல்களைப் பலகை இணைப்புகளின்மேல் வைத்து, டர்ர்ரென்று உரசிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். முனகினாள். டாரலுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இவளுக்காகத்தானே இத்தனையும் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசிக் குழியில் ஒரு தொல்லை இருந்தது. துளைக்கும்போது பெரிய கல் ஒன்று வந்து, அதைத் தோண்டி எடுத்ததில் குழி அகலமாகிவிட்டது. கணக்காக வாங்கி வைத்திருந்த கலவை முக்கால் குழிக்குத்தான் வந்தது. கம்பம் ஆடியது. மீதி இருந்தது அந்த இரண்டு மூட்டைகள்தான்.

டாரல் யோசித்தான். கடைக்குப் போகவேண்டுமென்றால் நோரீனைக் கூப்பிடவேண்டும், ஜூனியை உள்ளே விடவேண்டும், அதற்குள் குழியில் இருப்பது தனியாக இறுகிவிடும். மூட்டைகளை எடுத்துக் கலந்து கொட்டிவிட்டு, காலியான தள்ளுவண்டியை இடைவெளியில் கவிழ்த்துவிட்டால் ஆயிற்று. ஐந்து நிமிஷ வேலை. ஜூனி அந்தக் கோடியில் விரலை உரசிக்கொண்டு நடக்கிறாள். கண்ணெதிரே இருக்கிறாள். எடுத்துவிட்டான்.

தண்ணீர்க் குழாய் வீட்டுச் சுவரோரம் இருந்தது. மூட்டைகளைத் தள்ளுவண்டியில் போட்டு அங்கே கொண்டுபோய், தண்ணீர் விட்டு, மண்வெட்டியால் புரட்டினான். ஒவ்வொரு புரட்டுக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மஞ்சள் காலணி தெரிந்தது. புரட்டினான். தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து குழியில் கொட்டும்போது, கொட்டியது கம்பத்தின் மேலெல்லாம் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. பிறகு ரசமட்டத்தை வைத்தான். குமிழி இடதுபக்கம் ஒதுங்கி நின்றது. கம்பத்தைக் கொஞ்சம் தள்ளினான், குமிழி நடுவைத் தாண்டி வலப்பக்கம் போயிற்று. கொஞ்சம் இழுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்து திரும்பினான்.

தோட்டத்தில் யாரும் இல்லை.

முதலில் அவன் வீட்டுக் கதவைப் பார்த்தான். சாத்தியிருந்தது. சறுக்குமரத்துக்குப் பின்னால் பார்த்தான். பிறகுதான் கண் தானாகப் பள்ளத்துக்குப் போயிற்று. தட்டிக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் புல்லின்மேல் ஒரு மஞ்சள் காலணி கிடந்தது.

ஜூனி என்று கத்தினான். கத்தினால் திரும்பமாட்டாள் என்று தெரிந்தும் கத்தினான். சனிக்கிழமை சாயங்காலம், தெரு முழுக்கப் புல்வெட்டும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பள்ளத்தில் குப்புற விழுந்து இடைவெளியில் தலையை நுழைத்தான். தலை போயிற்று, தோள் போகவில்லை. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பமுடியாமல் சட்டம் அழுத்தியது. நேரே பார்க்கத்தான் முடிந்தது. நேரே புல், அதற்கப்பால் குளம். தண்ணீரின்மேல் ஒரு வளையம் விரிந்து விரிந்து கரைக்கு வந்துகொண்டிருந்தது. இப்போதுதான் ஏதோ விழுந்திருக்கிறது.

தலையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். காது மடல் கிழிந்தது அவனுக்குத் தெரியவில்லை. எகிறி வேலியின் மேல்விளிம்பைப் பிடித்தான். கை முழுக்க ஈரக் கலவை. வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தான். மறுபடி எகிறினான். கால் ஊன்ற இடம் தேடியது, ஒரு பிடிமானமும் இல்லை. ஏறமுடியாத வேலிதான் வேண்டுமென்று தேடித் தேடி வாங்கியவன் அவன்தான். ஏணி வண்டிக்கொட்டகையில் இருந்தது, அதற்கு முன்னால் கர்ட்டின் பழைய சாமான்கள் மலையாகக் குவிந்திருந்தன. தெருவைச் சுற்றினால் எட்டு வீடு. மார்ச்சில் அவள் உதடு நீலமாக இருந்தது அவன் கண்முன் வந்து நின்றது. கதவு. ஒரே ஒரு கதவு வைத்திருந்தால். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் கடைசிக் கம்பம் அவன் கண்ணில் பட்டது. கலவை இன்னும் கூழாகத்தான் இருந்தது.

நாலடி பின்னால் போய், ஓடிவந்து, கம்பத்தை ஒட்டித் தட்டியில் தோளால் மோதினான். கம்பம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மறுபடியும் மோதினான். சட்டம் கம்பத்துத் துளையிலிருந்து கழன்றது, மறுமுனையும் முறுக்கிக்கொண்டு பிடுங்கிக்கொண்டது, முழுத்தட்டியும் அப்படியே பலகையாக வெளிப்பக்கம் விழுந்தது. விழுந்த சத்தத்தில் வாத்துகள் கிளம்பிப் பறந்தன. டாரல் அதன்மேல் ஏறி ஓடினான். புல்லைத் தாண்டி, நேராகத் தண்ணீருக்குள் போனான்.

இடுப்புவரை போயிற்று, மார்புவரை போயிற்று. அடியில் சேறு காலைக் கவ்வியது. குனிந்து கையால் துழாவினான். நீர்ப்பாசி அகப்பட்டது, ஒரு மரக்கிளை அகப்பட்டது. அந்தக் கிளை வழவழவென்று சின்னக் கை மாதிரி இருந்தது. தூக்கிப் பார்த்து எறிந்தான். மூச்சடக்கி முங்கினான். பழுப்பு நிறத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மேலே வந்து, இரண்டடி தள்ளி, மறுபடி முங்கினான். கடவுளே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இடது கை, வலது கை, இடது கை, வலது கை. இவ்வளவுதான் அவன் மூளையில் ஓடியது.

சத்தம் கேட்டு நோரீன் கையில் ஒரு சின்னச் சட்டையோடு வெளியே வந்தாள். வேலியில் திறந்திருந்த பெரிய ஓட்டையையும் அதன் வழியாகக் குளத்தையும், குளத்தின் நடுவே தண்ணீரில் முங்கி எழுகிற புருஷனையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஓடினாள். மூன்றாவது வீட்டு லோவெல் கிழவர், குள்ளமான கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர், குளத்தில் ஆள் முங்குவதைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். அவர் நிறுத்தியதைப் பார்த்து அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் நிறுத்தினார்கள். நோரீன் அதற்குள் விழுந்துகிடந்த தட்டியின்மேல் கால் வைத்து ஓரடி எடுத்துவைத்திருந்தாள்.

அந்த நிசப்தத்தில் அவளுக்குக் கேட்டது. ம்ம்ம் என்று, காலுக்குக் கீழே.

நோரீன் ஒரு காலைத் தூக்கியபடியே அசையாமல் நின்றாள். தூக்கின காலை வந்த வழியே பின்னால் வைத்தாள். இன்னொரு காலை எடுத்தாள். புல்லுக்கு இறங்கினாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"டாரல். இங்க வா. தட்டிய மிதிக்காம வா."

அவன் தண்ணீரில் நின்று அவளைப் பார்த்தான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது, புரியத்தான் நேரமாயிற்று. புரிந்தபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்கமுடியாமல் லோவெல் கிழவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூனி தண்ணீருக்குப் போகவே இல்லை. இடைவெளியில் நுழைந்து வெளியே வந்தவள், ஒரு காலணி கழன்றதும் அங்கேயே விட்டுவிட்டு, வேலியோரமாகப் போகிற பள்ளத்தில் இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டாள். வெள்ளைப் பலகையின் அடிவிளிம்பில் விரலை உரசிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் இடைவெளியில் தலையை நுழைத்துக் குளத்தைப் பார்த்தபோது அவள் அவன் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். தட்டியை அவன் அவள்மேல்தான் தள்ளியிருக்கிறான். அதன்மேல் ஏறித்தான் ஓடியிருக்கிறான்.

இருவரும் இரண்டு முனையிலும் பிடித்துத் தட்டியைத் தூக்கினார்கள். டாரல் கண்ணை மூடிக்கொண்டுதான் தூக்கினான். நோரீன் ஏதோ ஒரு சத்தம் போட்டாள். அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று தெரியாமல் அவன் இன்னும் இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது ஜூனி பள்ளத்தில் மல்லாந்து படுத்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். பள்ளம் முழங்கால் ஆழம். தட்டி அதன்மேல் மூடிபோல விழுந்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்தால், வேண்டாம், அதை அவனால் நினைக்கமுடியவில்லை. கன்னத்தில் ஒரு சிராய்ப்பு. வேறொன்றுமில்லை.

நோரீன் அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தலையைத் தடவி, கையைத் தடவி, விரல் விரலாக எண்ணினாள். "எங்கிட்ட" என்று சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாரல் கிட்டே வரவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட, கலவையும் சேறும் அப்பிய கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கையால் குழந்தையைத் தொட அவனுக்குப் பயமாக இருந்தது.

ஜூனிக்கு இறுக்கிப் பிடித்தால் பிடிக்காது. நெளிந்து, வழுக்கி, கீழே இறங்கினாள். ஒரு காலில் காலணியோடும் மறுகாலில் வெறும் காலோடும் நேராக டாரலிடம் வந்தாள். அவளுக்கு எது வேண்டுமென்றாலும் கேட்கத் தெரியாது. பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், வேண்டிய பொருளின்மேல் அந்தக் கையை வைப்பாள். இப்போது டாரலின் ஒரு விரலைப் பிடித்து இழுத்தாள். அவன் தள்ளாடிக்கொண்டு பின்னால் போனான். புல்லில் சாய்த்துப் போட்டிருந்த தட்டிக்கு அவனைக் கொண்டுபோய், அவன் கையை அதன் விளிம்பில் வைத்து அழுத்தினாள். பிறகு அவனை விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, முன்பு படுத்திருந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

டாரலுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு தட்டியைப் பார்த்தான். வெள்ளைப் பலகையின்மேல் அவன் காலடித் தடங்கள் சேற்றுநிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. ஒன்று ஓரத்தில் இருந்தது. அடுத்தது சரியாக நடுவில்.

"என்ன கேக்கறா?" என்றாள் நோரீன்.

"மறுபடியும் மூடணுமாம்" என்றான் டாரல். "மேல ஓடணுமாம்."

சொல்லிவிட்டு அவன் அங்கேயே, பள்ளத்தின் விளிம்பில், உட்கார்ந்துவிட்டான். நோரீன் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எழுந்து அவளைத் தூக்கவில்லை. ஜூனி மேலே பார்த்தபடி, முனகிக்கொண்டு, அப்பா வருவதற்காகக் காத்திருந்தாள்.